உணவுக்குழாய்க்குள் போட்ட ஊசி

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எண்டாஸ்கோப்பின் முனையில் இருக்கும் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பார். இன்னொருவர் ஒன்றையும் பார்க்காமல் மருந்தைத் தள்ளுவார். பார்ப்பவர் டாக்டர், தள்ளுபவள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்கத்தாவின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நாங்கள் இருவரும் இதைச் செய்தோம். இப்போது இருப்பதுபோல டிவித் திரை அப்போது கிடையாது. நோயாளியின் உணவுக்குழாய்க்குள் என்ன இருக்கிறது என்பது டாக்டரின் வலது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அந்த அறைக்குப் போவதற்கு முன் ஏழு வருஷம் ஆண்கள் மருத்துவ வார்டில் நர்ஸாக இருந்தேன். அங்கே நான் மிகவும் வெறுத்தது ரத்த வாந்திதான். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் ரத்தக் குழாய்கள் புடைத்துப்போய், ஒருநாள் வெடித்துவிடும். மூக்கு வழியாக ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதிலிருக்கும் பலூனை ஊதி, உள்ளிருந்தே அழுத்திப் பிடிப்போம். ரத்தம் ஏற்றுவோம். பலூனை எத்தனை நாள்தான் ஊதி வைத்திருக்க முடியும்? தளர்த்தினால் சிலருக்கு மறுபடியும் ரத்தம் வரும். விடிவதற்குள் கட்டிலைக் காலி செய்து, ரப்பர் விரிப்பைக் கழுவிப் போடுவோம்.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் டாக்டர் பயிற்சி முடித்துத் திரும்பி வந்தார். நீளமான கறுப்புப் பெட்டியில் ஜப்பானிய எண்டாஸ்கோப் ஒன்றும் வந்து சேர்ந்தது. கை நடுங்காத ஒரு நர்ஸ் வேண்டும் என்று மேட்ரனிடம் கேட்டிருக்கிறார். மேட்ரன் என்னை அனுப்பினார். சரியான ஆளைத்தான் அனுப்பினார் என்று இன்றைக்கும் சொல்வேன்.

முறை என்னவென்றால், எண்டாஸ்கோப்புக்குள் ஒரு மெல்லிய துளை இருக்கிறது. அதன் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயை விடுவோம். குழாயின் நுனியில் ஒரு சின்ன ஊசி ஒளிந்திருக்கும். டாக்டர் ஆங்கிலத்தில் "நீடில் அவுட்" என்றால் நான் பிடியைத் தள்ளி ஊசியை வெளியே நீட்டுவேன். அவர் புடைத்த ரத்தக் குழாயில் குத்துவார். "புஷ்" என்றால் நான் சிரிஞ்சை அழுத்துவேன். மருந்து போய் அந்தக் குழாயை இறுக்கி அடைத்துவிடும். "நீடில் இன்" என்றால் ஊசியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வேன். வயிறு கிழிக்க வேண்டாம். வாய் வழியாகவே போய், வேண்டிய இடத்தில் மட்டும் மருந்து வைத்துவிட்டு வந்துவிடலாம்.

நோயாளியைத் தொடுவதற்கு முன் நாங்கள் ஆட்டின்மேல் பழகினோம். டாக்டர் ஒரு காலையில் பஜார் பையோடு வந்தார். கறிக்கடையில் சொல்லி வைத்து வாங்கிய ஆட்டு உணவுக்குழாய்கள் நான்கு அதில் இருந்தன. மேஜையில் ஆணியடித்து நீட்டி வைத்து, நீல மைக் கரைசலை சிரிஞ்சில் நிரப்பி, ஒரு வாரம் முழுக்கக் குத்திக் குத்திப் பார்த்தோம். முதல் நாள் என் வெள்ளைச் சேலை முழுக்க நீலம். கடைசி நாள் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அதற்குள் ஒன்று புரிந்துவிட்டது. ஊசி சரியான இடத்தில் இருந்தால் மருந்து ஓர் எதிர்ப்போடு, ஆனால் ஒரே சீராகப் போகும். ஊசி தசைக்குள் புதைந்திருந்தால் சிரிஞ்ச் என் கட்டைவிரலைத் திருப்பித் தள்ளும். எங்கேயும் குத்தாமல் வெறுமனே நின்றால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஓடிவிடும். எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

எங்களிடம் ஆரம்பத்தில் வந்த நோயாளிகளில் ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் தமிழர். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டிபன் கடை வைத்திருந்தார். நாற்பது வயது இருக்கும், தஞ்சாவூர்ப் பக்கம். காலையில் மாவுப் பாத்திரத்தைத் தூக்கும்போது ரத்த வாந்தி எடுத்து விழுந்துவிட்டார். மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் வெட்டிப் போட்டிருந்த காலம். அவருடைய மனைவியும் பக்கத்துக் கடைக்காரரும் அவரை டாக்ஸியில் போட்டு எங்கெங்கோ சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வார்டில் பலூன் போட்டு, நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றி, மூன்றாம் நாள் எங்களிடம் அனுப்பினார்கள்.

படிவத்தை நிரப்புவது என் வேலை. மனைவி வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரத்தக் கறை படிந்த அதே சேலை. தமிழில் பேசியதும் அவர் முகம் சட்டென்று தெளிந்தது.

"நீங்க நம்ம ஊருங்களா?"

"பொறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கதான். அப்பாவுக்குத் திருநெல்வேலி" என்றேன். பிறகு படிவத்தில் இருந்த அடுத்த கேள்விக்குப் போனேன். "எத்தனை வருஷமா குடிக்கிறாரு?"

அவர் என்னையே பார்த்தார். "அவரு தொட்டதே இல்லீங்க."

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான்கா சொல்றாங்க. மறைச்சா கஷ்டம் உங்களுக்குத்தான்."

"சத்தியமா இல்லீங்க. பீடி கூடக் கிடையாது."

நான் படிவத்தில் ஆங்கிலத்தில் 'மறுக்கிறார்' என்று எழுதினேன். ஏழு வருஷ வார்டு அனுபவம் எனக்கு. ரத்த வாந்தி, புடைத்த குழாய், நாற்பது வயது ஆண் என்றால் வேறென்ன இருக்க முடியும் என்றுதான் நினைத்தேன்.

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதைத்தான்" என்றேன்.

முதல் தடவை ஊசி போட்டது நன்றாகவே நடந்தது. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்து, நரம்பில் தூக்க மருந்து கொஞ்சம் கொடுத்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் வளையத்தை வைத்தேன். டாக்டர் கறுப்புக் குழாயை விட்டார். ஊசியை நீட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம் பாருங்கள்." அவர் பேசியதெல்லாம் வங்காளம். நான் தமிழில் எழுதுகிறேன்.

நான் குனிந்து கண்ணை வைத்தேன். இளஞ்சிவப்புச் சுவரில் நீலம் பாரித்த மூன்று முடிச்சுகள் வரிசையாக, மண்புழுக்கள் போல நெளிந்து வந்தன. ஒன்றின்மேல் சிவப்புப் புள்ளி. அதுதான் வெடித்த இடம். நான் விலகிக்கொண்டேன். அன்று மூன்று இடத்தில் போட்டோம். கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டேன் என்று டாக்டர் சொன்னார். சரிதான், இரண்டாவது ஊசியில் அவசரப்பட்டேன். மூன்றாவதைத் திருத்திக்கொண்டேன். மறுநாள் அவருக்கு நெஞ்சுக்குள் எரிச்சலும் லேசான காய்ச்சலும் இருந்தன. ரத்தம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அவருடைய கல்லீரல் பரிசோதனை முடிவுகள் வந்தன. மண்ணீரலில் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேவும் வந்தது. டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"கல்லீரல் கெட்டுப்போகவில்லை. இது குடியால் வந்ததில்லை" என்றார். "கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் குறுகியிருக்கிறது. எப்போதோ வந்த ஏதோ ஒன்றால் அடைத்திருக்கலாம், சொல்ல முடியாது. வங்காளத்தில் இதுபோலப் பலரைப் பார்க்கிறோம். இதை அவர்களுக்கு நீங்கள் தமிழில் விளக்க வேண்டும்."

எனக்குக் காது சூடேறியது. படிவத்தைத் தேடி எடுத்தேன். நான் எழுதியிருந்த வார்த்தையை அடித்துவிட்டு, 'ஒருபோதும் இல்லை' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அதோடு முடிந்துவிடாது என்று தெரியும்.

கணவனும் மனைவியும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். நான் பேசும் தமிழ் வீட்டுத் தமிழ். அம்மா பழைய வாரப் பத்திரிகைகளை வைத்துத்தான் எனக்கு எழுத்தே சொல்லிக்கொடுத்தாள். உடம்புக்குள் இருப்பதற்கெல்லாம் எனக்குத் தமிழில் பெயர் தெரியாது. தடுமாறினேன். டாக்டர் அதைக் கவனித்துவிட்டு கணவரிடம் நேரடியாக வங்காளத்திலேயே கேட்டார்.

"உங்கள் கடைப் பக்கம் பெரிய ரோட்டை மெட்ரோவுக்காக வெட்டியிருக்கிறார்களே, பஸ்ஸெல்லாம் இப்போது எந்த வழியாகப் போகிறது?"

இருபது வருஷமாகக் கல்கத்தாவில் கடை நடத்துகிறவர். வங்காளம் நன்றாகவே புரியும். "எங்க சந்து வழியாத்தான்" என்றார் உடனே. "லாரிகூட வருது. சுவரெல்லாம் விரிசல்."

"உங்கள் உடம்புக்குள்ளும் அதேதான். பெரிய ரோடு அடைத்துவிட்டது. எல்லா ரத்தமும் உணவுக்குழாய் ஓரம் இருக்கும் சின்னச் சந்துகள் வழியாகப் போகிறது. சந்தின் சுவர் தாங்காமல் வெடித்தது. நாங்கள் ஊசி போட்டு அந்தச் சந்துகளை அடைக்கிறோம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "சந்தை அடைச்சா பஸ் எங்கம்மா போகும்? ரோடுதான் இன்னும் தொறக்கலையே?"

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாணவர்கள்கூட இதைக் கேட்டதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"வேறு சந்து தேடிப் போகும்" என்றார். "பெரும்பாலும் ஆழமான இடத்தில், வெடிக்காத இடத்தில். சில சமயம் இரைப்பையில் புடைக்கலாம். அதனால்தான் அடைத்த பிறகும் நீங்கள் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மறைக்காமல் சொல்கிறேன்."

"அது போதும் டாக்டர் பாபு" என்றார் அவர்.

கணவரை வார்டுக்கு அனுப்பிவிட்டு மனைவி மட்டும் என்னிடம் வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான் கேட்ட விதம் தப்பு. நீங்க சொன்னதை நான் நம்பலை. மன்னிச்சுக்கோங்க."

அவர் கண் கலங்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, "நீங்க மட்டுமா?" என்றார். "இவரு விழுந்த மறுநாளே ஊருக்குத் தந்தி கொடுத்தேன். எங்க அண்ணன் வந்தாரு. வார்டுல யார்கிட்டயோ விசாரிச்சுட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம திரும்பிப் போயிட்டாரு. குடிச்சுக் குடிச்சு ஈரல் வெந்துபோச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டாரு. மூத்த பொண்ணுக்கு அங்கதான் மாப்பிள்ளை பேசி வெச்சிருக்கோம். அவங்க இப்ப கடுதாசி போடறதில்லை." இன்னும் கிட்டே வந்து, "டாக்டர் எழுதித் தருவாரா? இது குடியால வந்ததில்லைன்னு?" என்றார்.

"தருவாரு. ஆனா இங்கிலீஷ்ல எழுதுவாரு."

"இங்கிலீஷ்ல எழுதினா எங்க அண்ணன் யாரையாவது படிக்கச் சொல்வாரு. அவங்க அவங்க இஷ்டத்துக்குப் படிச்சுச் சொல்வாங்க. தமிழ்ல வேணும்."

டாக்டரிடம் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அந்தக் கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். வீட்டில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, ரகர றகரம் சந்தேகம் வந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டு, நான்கு தடவை கிழித்துப் போட்டேன். கடைசியில் வந்தது ஒரு பக்கம்தான். இவருடைய கல்லீரல் நன்றாக இருக்கிறது. கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் குறுகிப்போனதால் இந்த நோய் வந்தது. இதற்கும் மதுவுக்கும் சம்பந்தம் இல்லை. இது தொற்றாது, பிள்ளைகளுக்கு இதனால் பயம் ஒன்றும் இல்லை. இப்போது வாய் வழியாகவே ஊசி மருந்து செலுத்தி வருகிறோம். சந்து, பஸ் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். கடிதத்தில் அது விளையாட்டுப் போல இருந்தது.

டாக்டர் ஆஸ்பத்திரி முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குப் படிக்கத் தெரியாத ஒன்றில் நான் கையெழுத்துப் போடுவது இதுதான் முதல் தடவை" என்றார்.

"வேண்டுமானால் வரிக்கு வரி சொல்கிறேன் சார்."

"வேண்டாம். இது எந்தப் பக்கம் மேலே என்று மட்டும் காட்டுங்கள்."

கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். அந்த அக்கா அதை அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

மூன்றாவது தடவை ஊசி போட்ட நாள் கரண்ட் போனது. கல்கத்தாவில் அப்போது லோட்ஷெடிங் இல்லாத நாளே கிடையாது. ஆனால் எங்கள் அறைக்கு அன்றுவரை அதிர்ஷ்டம் இருந்தது. காலை பதினொரு மணி. டாக்டர் உள்ளே பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு அடித்திருந்தோம். "நீடில் அவுட்" என்றார், நீட்டினேன். குத்தினார். "புஷ்" என்றார், பாதி தள்ளியிருப்பேன். விசிறி நின்றது. எண்டாஸ்கோப்புக்கு வெளிச்சம் கொடுக்கும் பெட்டியின் முனகல் நின்றது. அறை இருண்டுவிட்டது.

டாக்டரின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஊசியோ ரத்தக் குழாய்க்குள் குத்தியபடி இருக்கிறது. நோயாளி ஒரு இருமல் இருமினால் அது குழாயைக் கிழித்துவிடும். நான் யோசிக்கக் காத்திருக்கவில்லை. விரல் தானாகப் பிடியைப் பின்னால் இழுத்துவிட்டது.

"நீடில் இன்..." என்று டாக்டர் கத்தத் தொடங்கினார்.

"இழுத்துவிட்டேன் சார்."

அவர் மூச்சு விடுவது இருட்டில் கேட்டது. தூக்க மருந்து கொடுத்திருந்தாலும் நோயாளிக்கு ஏதோ புரிந்துவிட்டது. கை கால் உதறத் தொடங்கினார். வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. நான் சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் காதருகே குனிந்தேன்.

"அண்ணே, கரண்ட் போயிருச்சு. வேற ஒண்ணும் இல்லை. ஊசியை எடுத்துட்டேன். மூக்கு வழியா மெதுவா மூச்சு விடுங்க. எச்சிலை முழுங்க வேண்டாம், வழியட்டும். டாக்டர் இப்ப குழாயை எடுத்துருவாரு."

என் மணிக்கட்டை அவர் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. ஆனால் உதறுவது நின்றுவிட்டது. டாக்டர் தடவித் தடவிக் குழாயை வெளியே எடுத்தார். நான் ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் வந்ததும் முதலில் அவர் வாயோரத்தைப் பார்த்தேன். எச்சிலில் கொஞ்சம் ரத்த இழை, அவ்வளவுதான்.

"நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா?" என்றார் டாக்டர். அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"குத்திய இடம் பாதியில் நிற்கிறது சார். இன்றைக்கே முடித்துவிடுவது நல்லது" என்றேன். "ஆபரேஷன் தியேட்டரில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அங்கிருந்து ஒயர் இழுக்கலாம்."

தியேட்டர் பொறுப்பு சிஸ்டர் என்னோடு பயிற்சி பெற்றவள். பத்து நிமிஷத்தில் ஒயர் கிடைத்தது. தியேட்டர் வராந்தாவிலிருந்து எக்ஸ்ரே பிரிவு வழியாக எங்கள் மேஜை வரைக்கும் இழுத்தோம். யாரும் தடுக்கி விழாமல் இருக்க, வார்டு ஆயாக்கள் மூன்று பேர் வழியெல்லாம் நின்றுகொண்டு "தார், தார்!" என்று வங்காளத்தில் ஒயர் கிடப்பதைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொண்டை மருந்தை மறுபடியும் அடித்து, குழாயை மறுபடியும் விட்டு, மிச்சத்தைப் போட்டு முடித்தோம். அந்த ஒயர் அதற்குப் பிறகு எங்கள் அறையிலேயே சுருட்டித் தொங்கியது. தியேட்டருக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

நான்காவது தடவை வேறொரு பிரச்சினை. டாக்டர் "புஷ்" என்றார். நான் அழுத்தினேன். சிரிஞ்ச் என் விரலைத் திருப்பித் தள்ளியது. நிறுத்திவிட்டேன்.

"புஷ்" என்றார் மறுபடியும்.

"போகவில்லை சார்."

"ஊசி சரியாக இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தள்ளுங்கள்."

"ரத்தக் குழாய்க்குள் இல்லை சார். தசையில் இருக்கிறது."

கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார். பெரிய டாக்டரிடம் ஒரு நர்ஸ் அப்படிப் பேசுவது அப்போது வழக்கமில்லை. மூலையில் நின்ற ஹவுஸ் சர்ஜன் பையன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சிரிஞ்சை அசைக்கவில்லை. அந்த மருந்தைத் தசைக்குள் ஆழமாகப் போட்டால் அங்கே புண்ணாகி ஓட்டை விழலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

டாக்டர் மறுபடி குனிந்து ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்தார். நோயாளி விழுங்கியபோது சுவர் நகர்ந்திருக்கிறது. முடிச்சைத் துளைத்துக்கொண்டு ஊசி மறுபக்கம் போயிருக்கிறது. சாய்வை மாற்றிக் குத்தினார். இந்தத் தடவை "புஷ்" என்று சொல்லவில்லை.

"பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

மெதுவாக அழுத்தினேன். அந்தப் பழைய எதிர்ப்பு, சீரான ஓட்டம். "போகிறது" என்றேன்.

எல்லாம் முடிந்து எண்டாஸ்கோப்பைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, "இனிமேல் ஒவ்வொரு ஊசிக்கும் போகிறதா, போகவில்லையா என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் கேட்காவிட்டாலும்" என்றார். அதுவே எங்கள் அறையின் விதியாகிவிட்டது. அதன்பிறகு நான் அங்கே இருந்த ஒன்பது வருஷமும் அப்படித்தான் செய்தோம். என் விரல் சொன்னதை அவர் ஒருமுறைகூடத் தட்டவில்லை.

ஐந்தாவது தடவைக்கு வந்தபோது நோயாளியோடு புதிதாக ஒருவர் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தோல் பை. அந்த அக்காவின் அண்ணன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதே நெற்றி, அதே இறுக்கிய உதடு. தங்கைக்கு இரண்டு பேர் இடம் தள்ளி உட்கார்ந்திருந்தார். ஊசி முடிந்து நான் வெளியே வந்ததும் எழுந்து வந்தார். பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தது.

"இதை எழுதினது யாரும்மா?"

"நான்தான். கையெழுத்து டாக்டரோடது."

"இதுல இருக்கறது உண்மைதானா?"

"உண்மைதான்."

"டாக்டர்கிட்ட நேர்ல கேக்கணும்."

"வாங்க, கேளுங்க. அவருக்குத் தமிழ் தெரியாது. நீங்க கேக்கறதையும் அவர் சொல்றதையும் நான்தான் மாத்திச் சொல்லணும். என்னை நம்பித்தான் ஆகணும்."

அவர் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். நான் உள்ளே போய் அந்தப் படிவத்தை எடுத்து வந்தேன். அடித்துத் திருத்திய இடத்தைக் காட்டினேன்.

"இங்க பாருங்க. முதல் நாள் நானும் உங்களை மாதிரித்தான் நெனைச்சேன். நெனைச்சதை எழுதியும் வெச்சேன். அப்புறம் எக்ஸ்ரே வந்துச்சு. நான் எழுதினதை நானே அடிச்சேன். அந்தக் கடுதாசியில இருக்கற ஒவ்வொரு வரியும் அந்த எக்ஸ்ரேவைப் பார்த்த பிறகு எழுதினது. எக்ஸ்ரேவைப் பார்க்கறீங்களா?"

"எனக்கு என்ன புரியும்?" என்றார். ஆனால் உள்ளே வந்தார். வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டினேன். குறுகிய இடத்தையும் அதைச் சுற்றிப் பாம்புபோல நெளிந்த குழாய்களையும் விரலால் தொட்டுச் சொன்னேன். பஸ் உதாரணம் இப்போது உதவியது. ஹவுரா ஸ்டேஷனிலிருந்து வரும்போது அவரே அந்த வெட்டிப் போட்ட ரோட்டில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

வெளியே போனவர் தங்கைக்கு எதிரில் நின்றார். என்ன சொல்லப்போகிறார் என்று நானும் கதவோரம் நின்றேன். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்றார்.

"இல்லை."

"வா, போய்ச் சாப்பிட்டு வருவோம். மாப்பிள்ளை எந்திரிக்க நேரம் ஆகுமாம்."

அந்த அக்கா உடனே எழுந்துவிடவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பையை எடுத்து, அதில் எல்லாம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். அவர் முன்னால் நடந்தார், அண்ணன் பின்னால் போனார். மூத்த பெண்ணுக்குப் பேசியிருந்த வீட்டுக்குத் தானே நேரில் போய்ப் பேசுவதாக அண்ணன் சொன்னார் என்று அடுத்த வாரம் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. அவர்கள் அதற்குள் வேறு பெண் பார்த்துவிட்டார்கள். "போறாங்க, விடுங்க. இப்பவே தெரிஞ்சுதே" என்று அந்த அக்கா சொன்னார். இரண்டு வருஷம் கழித்துக் கல்கத்தாவிலேயே, பவானிப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. நானும் போயிருந்தேன்.

ஏழாவது தடவை எண்டாஸ்கோப்பை உள்ளே விட்ட டாக்டர் வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் சிரிஞ்சில் மருந்தை நிரப்பி வைத்துக் காத்திருந்தேன்.

"கொட்டிவிடுங்கள் சிஸ்டர். போட இடமில்லை" என்றார்.

முடிச்சுகள் எல்லாம் சுருங்கி அடைத்துவிட்டன. அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் கழித்து, இட்லிகூடத் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை, நெஞ்சில் நிற்கிறது என்று வந்தார். ஊசி போட்ட இடம் ஆறும்போது தழும்பு விழுந்து சுருக்கியிருந்தது. அதை மெதுவாக விரித்துவிட்டோம். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு குழாய் மறுபடி புடைத்தது. வெடிப்பதற்கு முன்பே பார்த்து, ஒரே ஒரு ஊசியில் அடைத்தோம். அவர் சொன்ன நாளுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்ததால்தான் அது முடிந்தது. மறுபடியும் அவர் ரத்த வாந்தி எடுக்கவே இல்லை.

தழும்பை விரித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அந்தக் கடைக்குப் போனேன். போகச் சொல்லி அவர்கள் பலமுறை கூப்பிட்டிருந்தார்கள். பெஞ்செல்லாம் ஆள். அவர் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு மாவை வட்டமாக இழுத்துக்கொண்டிருந்தார். முன்பு பார்த்ததைவிடக் கொஞ்சம் சதை போட்டிருந்தார். அந்த அக்கா, சட்னி போதவில்லை என்ற ஒரு வங்காளிப் பெரியவரோடு வங்காளத்திலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு, சுவரோரம் ஒரு இடத்தைத் துடைத்துக் காட்டினார்.

"உக்காருங்க தங்கச்சி" என்றார் அவர், கல்லிலிருந்து திரும்பாமலே. "முறுகலா வேணுமா, மெத்துனு வேணுமா?"

"முறுகலா" என்றேன்.